பெயின்ட் ஷாப்காரருக்கு ஒரு மேக்கப்

“எரியுமா?” என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

பார்லர் நாற்காலியில் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊசி போட்டுக்கொள்ள வந்தவர் மாதிரி இரண்டு கையாலும் நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்திருந்தார். என் கையில் பித்தளைத் தட்டு. தட்டில் மஞ்சள் கரைத்த தண்ணீர். விரல் நுனியில் ஒரு பொட்டு சுண்ணாம்பைத் தொட்டு அதில் விட்டேன். விட்ட இடத்திலிருந்து தண்ணீர் சிவந்துகொண்டே வந்தது.

ஆரத்தி கரைத்துப் பழகிய கை எனக்கு. சுண்ணாம்பு கொஞ்சம் என்றால் ஆரஞ்சு. இன்னும் கொஞ்சம் என்றால் செங்கல். கை தவறிவிட்டால் பீட்ரூட் வேகவைத்த தண்ணீர் மாதிரி ஒரு கருஞ்சிவப்பு. மற்ற நாளில் இதில் ஏதோ ஒன்று வந்தால் போதும். அன்றைக்கு எனக்கு எல்லாமே வேண்டியிருந்தது.

“எரியாதுங்க. காலைலயே காதாண்ட தடவி வுட்டேனே, எரிஞ்சுதா?”

“இல்ல. சும்மா கேட்டேன்.”

மணப்பெண்களுக்கு மேக்கப் போடும் என் வேலையைப் பற்றிய இந்தத் தொடரில் இதுவரை அவர் என்னைக் கல்யாண மண்டபத்து வாசலில் வண்டியில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போகிற ஆளாகத்தான் வந்திருக்கிறார். ‘உங்கள் கணவர் ஏன் ஒருநாள்கூட உள்ளே வருவதில்லை, கோபக்காரரா?’ என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். கோபமெல்லாம் இந்த வீட்டில் என் இலாகா. அவர் உள்ளே வராததற்குக் காரணம் வேறு.

இன்னைக்கு என்ன தேச்சிருக்க?

அவர் பெயர் இசக்கிமுத்து. சங்கரன்கோவில் பக்கம் ஊர். ஐ.டி.ஐ. முடித்த கையோடு வேலைக்கு வந்தவர், பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் தெருவில் ஒரு அறையில் கூட்டாளிகளோடு வாடகைக்கு இருந்தார். அவர் என்னைப் பார்த்ததையும், நான் அவரைப் பார்த்ததையும், எங்கள் இரண்டு பேரையும் என் அம்மா பார்த்துவிட்டதையும் முன்பே எழுதி, அம்மாவிடம் திட்டும் வாங்கியாகிவிட்டது.

ஒரகடம் பக்கத்தில் ஒரு கார் கம்பெனியில் அவருக்குப் பெயின்ட் ஷாப்பில், அதாவது காருக்குப் பெயின்ட் அடிக்கிற பிரிவில், வேலை. காரின் வெளிப்பக்கத்துக்கு ரோபோ பெயின்ட் அடித்துவிடும். ரோபோவின் கை நுழையாத சந்து பொந்துகளில், கதவின் உள்பக்கங்களில், இவரைப் போன்றவர்கள் அடிக்க வேண்டும். அதற்கென்று இருக்கிற அறையை பூத் என்பார்கள். தலை முதல் கால் வரை மூடிக்கொண்டு, மாஸ்க் மாட்டிக்கொண்டு, காற்றடித்துத் தூசியைப் போக்கிக்கொண்டுதான் உள்ளே போக முடியும். அதுகூடப் பெரிதில்லை. உடம்பில் எதையும் பூசியிருக்கக் கூடாது.

ஈரப் பெயின்ட்டுக்கு ஜென்ம விரோதி சிலிகான். கண்ணுக்கே தெரியாத துளி பட்டாலும் போதும், பெயின்ட் அந்த இடத்தை விட்டு விலகி ஓடும். அம்மைத் தழும்பு மாதிரி வட்டமாகக் குழி விழும். கார்கள் வரிசையாக நகர்ந்து வருகிற லைனே நிற்கும். எவன் தலையில் என்ன தேய்த்துக்கொண்டு வந்தான் என்று ஒவ்வொருவனாக மோந்து பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். எண்ணெயும் ஆகாது, மெழுகும் ஆகாது.

அந்தச் சிலிகான் எதிலெல்லாம் இருக்கிறது என்று கேளுங்கள். ஹேர் சீரம், ப்ரைமர், ஃபவுண்டேஷன், லிப்ஸ்டிக், கைக்குப் போடும் கிரீம். என் மேக்கப் பெட்டியை அப்படியே ஒப்பித்த மாதிரி இருக்கும். ஊரில் எத்தனையோ பெண்கள் இருக்க, பெயின்ட் ஷாப்காரர் மேக்கப் போடுகிறவளைப் போய்க் கட்டிக்கொண்டார்.

கல்யாணமான புதிதில் எனக்கு இது எதுவும் தெரியாது. பக்கத்தில் வருவதற்கு முன்னால் என்னைப் பார்த்து, “இன்னைக்கு என்ன தேச்சிருக்க?” என்று கேட்டார். ஆசையாகத்தான் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு, புது சீரம், மல்லிப்பூ வாசனை என்று குழைந்து குழைந்து சொன்னேன். மனுஷர் எழுந்து போய் முன் அறையில் பாயை விரித்துப் படுத்துவிட்டார். அழுதுகொண்டே தூங்கிப் போனேன்.

மறுநாள் ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, அதன்மேல் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவி, என் சீரத்தில் ஒரு சொட்டு விட்டுக் காட்டினார். பவுடர் அலறிப் புடைத்துக்கொண்டு ஓரத்துக்கு ஓடியது. நடுவில் வெறும் வட்டம். ‘பெயின்ட்டும் இப்படித்தான் ஓடும்’ என்றார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. ஓடியது பவுடர்தான், அவரில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சட்டம் அமலுக்கு வந்தது. இப்போது நாங்கள் இருப்பது படப்பையில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில். கீழே பார்லர், மாடியில் வீடு. அவருடைய துண்டு, தலையணை, சோப்பு எல்லாம் மாடியில் தனி. நான் மாடி ஏறினால் முழங்கை வரை தேய்த்துக் கழுவிய பிறகுதான் ஒரு டம்ளரையாவது தொடுவேன். டாக்டர்கள் ஆபரேஷனுக்கு முன்னால் அப்படிக் கழுவுவார்கள் என்று கேள்வி. நான் புருஷனுக்குச் சோறு போடக் கழுவுகிறேன்.

எத்தனையோ மணப்பெண்களின் மூச்சுக் காற்று என் மேல் படுகிற தூரத்தில் நின்று வேலை பார்த்திருக்கிறேன். யார் இமையில் மச்சம், யார் மேலுதட்டில் தையல் போட்ட தழும்பு என்று இன்றைக்கும் சொல்வேன். என் புருஷன் முகத்தில் மட்டும் ஒருநாள்கூட பவுடர் பஞ்சை ஒற்றியதில்லை. அதில் எனக்குப் பெரிய வருத்தமும் இல்லை. வருத்தம் வேறொரு இடத்தில் இருந்தது.

டெய்லர் அக்கா

வடக்குப்பட்டில் அவரோடு வேலை பார்க்கிறவர் வீட்டில் வளைகாப்பு. இரண்டு பேரும் போயிருந்தோம். அந்த வீட்டுப் பெண் வளையல் குலுங்க என் கையைப் பிடித்துக்கொண்டு, “அக்கா, நீங்க நல்லா தெப்பீங்களாமே, அண்ணன் சொல்லிச்சு. எனக்கு ஒரு ப்ளவுஸ் தெச்சுத் தாங்கக்கா” என்றாள்.

நான் திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் பந்தியில் சித்ரான்னத்தைக் கிண்டிக்கொண்டிருந்தார்.

எனக்குப் பித்தான் தைக்கத் தெரியும். அதுவும் சட்டையோடு என் புடவையையும் சேர்த்துத் தைத்துவிடுவேன். ஆனாலும் நிறைமாதப் பிள்ளைத்தாச்சியிடம் எப்படி இல்லை என்பது? துணியையும் அளவு ப்ளவுஸையும் வாங்கிக்கொண்டு வந்து, படப்பை கடைத்தெருவில் ஒரு டெய்லரிடம் கொடுத்துத் தைத்து அனுப்பினேன். கச்சிதமாக அமைந்துவிட்டதாம். அடுத்த மாதம் இன்னொரு வீட்டிலிருந்து துணி வந்தது. அப்புறம் இன்னொன்று.

அந்த மூன்றாவது துணி வந்த அன்று கேட்டுவிட்டேன். நான் கோபப்பட்டால் தெருவுக்கே தெரியும். அன்றைக்கு என்னவோ குரல் எழும்பவில்லை.

அவர் மறைக்காமல் சொன்னார். வீட்டுக்காரி பார்லர் வைத்திருக்கிறாள் என்று பெயின்ட் ஷாப்பில் வாயைத் திறந்தால் அவ்வளவுதான். எங்கே குழி விழுந்தாலும் முதலில் இவர் தலையைத்தான் மோந்து பார்ப்பார்கள். ‘எதுக்கு வம்பு’ என்று பூத்தை விட்டே தூக்கிவிடுவார்கள். அதனால் யாரோ கேட்டபோது, வீட்டில் தையல் என்று சொல்லிவிட்டார். சொன்னதைப் பிறகு மாற்ற முடியவில்லை.

பூத் வேலை அவருக்கு எவ்வளவு இஷ்டம் என்று எனக்குத் தெரியும். சாலையில் ஏதாவது கார் நின்றால் கதவைத் திறந்து உள்விளிம்பைத் தடவிப் பார்க்காத குறையாகப் பார்ப்பார். அவர் சொன்னது அத்தனையும் நியாயம். நியாயமாக இருந்ததால் சண்டை போடவும் வழியில்லை. ஆனால் வலித்தது. கோழி கூவும் முன்னால் எழுந்து ஓடி, நின்று நின்று கால் வீங்கி, பெண்ணைப் பெற்றவள் கண்கலங்கி ‘என் பொண்ணா இது’ என்று கேட்கக் கேட்டுவிட்டு வீடு திரும்பினால், அவருடைய உலகத்தில் நான் டெய்லர் அக்கா.

நான் செய்கிற வேலையின் பெயரோடு என் பெயர் எங்காவது ஒரு இடத்தில் அச்சில் வர வேண்டும் என்ற வீம்பு அன்றைக்கு விழுந்தது. அச்சில் வந்துவிட்டால் அதை யாரும் தையல் என்று சொல்ல முடியாதல்லவா?

உங்க ஊர்ல சூடு எங்க இருக்கு?

போட்டோகிராபர் ரேவதி மேடம் சென்னைக்காரர். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கல்யாணத்துக்குப் படம் எடுக்க வந்தவர், நான் மேக்கப் போட்டிருந்த மணப்பெண்ணின் கண்ணை வெகுநேரம் பார்த்துவிட்டு என் நம்பரை வாங்கிக்கொண்டு போனார். மாசி முடிந்து வெயில் ஏறத் தொடங்கிய சமயத்தில் போன் வந்தது. ஒரு பத்திரிகைக்காக வெறும் முகங்களை வைத்து ஒரு படத்தொகுப்பு செய்கிறார். பொருள், சூடு. ஒரு மேக்கப்காரருக்கு ஒரு முகம். நிறமெல்லாம் சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு வகையாக இருக்க வேண்டும். முதலில் யாராவது ஒருவர் முகத்தில் போட்டுப் பார்த்துப் படம் அனுப்ப வேண்டும். பிடித்தால் நிஜப் படப்பிடிப்பு. படத்தின் கீழே மேக்கப் போட்டவரின் பெயர் வரும்.

அந்தக் கடைசி வரியைத் தவிர மற்றது எதுவும் முதலில் என் காதில் ஏறவில்லை.

அன்றே உட்கார்ந்து ஒரு திட்டம் வரைந்து அனுப்பினேன். அந்தி வானம். இமையில் ஆரஞ்சு, ஓரத்தில் தங்கம், உதட்டில் செம்பு, கன்னத்தில் லேசாக ரோஸ். மேடம் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

“ரொம்ப அழகா இருக்கு, தனம். இந்தப் பொண்ணுக்கு எத்தனை மணிக்கு முகூர்த்தம்?”

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னது சரி. என் கை அதன்பாட்டுக்கு மணப்பெண்ணைத்தான் வரையும். கல்யாணத்துக்கு முகம் அழகானால் போதும் என்றார் மேடம். இங்கே முகம் ஏதாவது ஒன்றைச் சொல்ல வேண்டும். என்ன சொல்கிறது என்பது ஒரே வரியில் உங்களுக்குத் தெரிய வேண்டும், அது தெரிகிறவரை பிரஷ்ஷைத் தொடாதீர்கள் என்றார். போனை வைக்கும்போது கேட்டார், “உங்க ஊர்ல சூடு எங்க இருக்கு?”

எங்கள் ஊரில் சூடு எங்கேதான் இல்லை? ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு சுற்றினேன். ஒரகடம் கூட்டு ரோட்டில் வரிசைகட்டி நிற்கும் டிரெய்லர் லாரிகளின் பின்விளக்கு. கன்டெய்னர் யார்டில் துருவேறிய பெட்டிகள். மனை போடுவதற்காகக் கிளறிப்போட்ட செம்மண். ரோடு போடுகிறவர்களின் ஆரஞ்சு ஜாக்கெட். பார்த்த நிறத்தையெல்லாம் வண்டியை ஓரங்கட்டி, பெட்டியிலிருந்து கலந்து முன்னங்கையில் தீற்றித் தீற்றிப் பார்த்தேன். துருவுக்கு மட்டும் நாலு வகை. டீக்கடைக்காரர், “இன்னாம்மா, கை நெருப்புல சுட்டுக்கிச்சா?” என்று கேட்டார்.

நிறம் கிடைத்துவிட்டது. வரி கிடைக்கவில்லை. துருவை முகத்தில் வைத்தால் துருப்பிடித்த முகம். செம்மண்ணை வைத்தால் தடுக்கி விழுந்து எழுந்த முகம். எதுவும் எதையும் சொல்லவில்லை. அனுப்ப வேண்டிய ஞாயிற்றுக்கிழமை வேறு வந்துகொண்டே இருந்தது. அன்று சாயங்காலத்துக்குள் படம் போகவில்லை என்றால் அந்த இடத்துக்கு வேறு ஆள் பார்த்துவிடுவார்கள்.

சாமி அலமாரி

முகத்துக்கு பவித்ராவைச் சொல்லி வைத்திருந்தேன். எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கிற தேனிப் பக்கத்துப் பெண். ஹாஸ்டலில் இருக்கிறாள், என்னிடம் புருவம் திருத்திக்கொள்ள வருவாள். உட்கார்ந்த இடத்தில் முகம் கோணாமல் உட்காருவாள். ஞாயிறு காலையில் அவளிடமிருந்து போன். லைன் மொத்தத்துக்கும் ஓவர்டைம் போட்டுவிட்டார்கள், பஸ்ஸில் ஏறிவிட்டேன் அக்கா, மன்னிச்சுக்குங்க என்றாள். பாவம், அவள் என்ன செய்வாள்?

வேறு யாரைக் கூப்பிட? அவளைப் போன்ற பெண்கள் எல்லோரும் அதே பஸ்ஸில்தான் இருந்தார்கள். எங்கள் மகள் சின்னக் குழந்தை, அவளும் விடுமுறை என்றால் பிள்ளைப்பாக்கத்தில் அம்மா வீட்டில். என் முகத்திலேயே போட்டு, அதை நானே படமும் எடுக்கும் சாமர்த்தியம் எனக்கில்லை. பார்லர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். கையில் தீற்றிய நிறங்கள் வேர்வையில் ஒன்றோடொன்று கலந்துகொண்டிருந்தன.

அவர் மேல்படியில் வந்து நின்றார். தொட்டுவிடாத தூரத்தில்தான் நின்றார், பழக்கம். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, “என் மூஞ்சி ஆகாதா?” என்றார்.

விளையாடாதீங்க என்றேன். மறுநாள் அவருக்கு முதல் ஷிப்ட். அந்த வாரம் ஆடிட் வேறு. வெளியூரிலிருந்து ஆட்கள் வந்து பூத் பூத்தாகப் பார்ப்பார்கள். என் பெட்டியில் இருக்கிற ஒவ்வொரு டப்பாவும் அவருக்கு விஷம் என்று நானே சொன்னேன்.

“பெட்டிய மூடு. சாமி அலமாரில என்ன இருக்கு?”

மஞ்சள் இருந்தது. சந்தனக் கட்டை இருந்தது. வெற்றிலைக்கு வாங்கிய சுண்ணாம்பு இருந்தது. கடைக் குங்குமத்தில் என்னென்ன சேர்க்கிறார்களோ, அதை மட்டும் ஒதுக்கினேன். மஞ்சளும் தண்ணீரும் சுண்ணாம்பும். சிலிகான் இல்லை, எண்ணெய் இல்லை, மெழுகு இல்லை. காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்து, தோல் கன்றவில்லை என்று தெரிந்த பிறகு அவரை நாற்காலியில் உட்கார வைத்தேன்.

தாடையைப் பிடித்து அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினேன். ஒரு முகம் என் கைக்கு வந்தால் முதலில் ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருப்பேன். இதுவும் அப்படித்தான். பார்த்தவள் பார்த்தபடி நின்றுவிட்டேன்.

மூக்குத் தண்டில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அதிலிருந்து இரண்டு கன்னத்து எலும்பின் மேலும் வளைந்து இறங்கி, தாடையில் வந்து சேருகிற ஒரு கோடு. மாஸ்க்கின் விளிம்பு. கோட்டில் தோல் கறுத்து, மினுமினுவென்று இழைத்த மாதிரி இருந்தது. நெற்றியில் தொப்பியின் எலாஸ்டிக் வைத்த கோடு வேறு. காதோரம் எப்போது நரைத்தது என்றே தெரியவில்லை. தினமும் பார்க்கிற முகம்தான். கை கழுவிய தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கோட்டின் மேல் விரலை வைத்து, வலிக்குதா என்றேன்.

“வலியெல்லாம் போயாச்சு. பூத்துல ஏ.சி. உண்டு, மாஸ்க்குக்குள்ள ஏது ஏ.சி.? மத்த எடத்துச் சூடெல்லாம் வேர்த்துப் போயிரும். ஓரத்துல நிக்கது மட்டும் போவாது. வீட்டுக்கு வந்து மூஞ்சி கழுவுனாலும் அந்த எடம் சுட்டுக்கிட்டேதான் இருக்கும்.”

மேடம் கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. மாஸ்க்கைக் கழற்றிய பிறகும் போகாத சூடு. அவ்வளவுதான் அந்த ஒரு வரி. ஊரெல்லாம் ஸ்கூட்டியில் தேடியது என் வீட்டு மாடியில் சோறு தின்றுகொண்டிருந்திருக்கிறது.

அதற்குப் பிறகு கை யோசிக்கவே இல்லை. கோட்டின் பள்ளத்தில் மெல்லிய பிரஷ்ஷால் செங்கல் சிவப்பு. அதை ஒட்டி வெளிப்பக்கமாக ஆரஞ்சு. அங்கிருந்து மஞ்சள், போகப்போகத் தண்ணீர் கூட்டி, கன்னத்திலேயே கரைந்துபோகிற மாதிரி. சூடு கோட்டிலிருந்து கிளம்பி முகத்தில் பரவுவது போல் வர வேண்டும். நெற்றிக் கோட்டுக்கு மேலே இழைத்த சந்தனம். கண்ணிலும் உதட்டிலும் ஒன்றும் வைக்கவில்லை. தழும்பையும் தடத்தையும் மறைத்து மறைத்தே பிழைத்த கை, அன்றைக்கு ஒரு தடத்தைத் துளித்துளியாகக் கூட்டிக் காட்டியது. சுகமாக இருந்தது. சிவப்பு காய்ந்தால் மங்கும் என்பதால் அவசரமாகவும் இருந்தது.

படம் எடுக்கும்போது, இது எதற்கு என்று கேட்டார். பத்திரிகையில் வந்தால் படத்துக்குக் கீழே என் பெயர் வரும் என்றேன். ஜன்னல் பக்கமிருந்து முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

“தனம்னா போடுவாங்க, தனலட்சுமின்னா?”

“தனலட்சுமின்னு முழுசா போடச் சொல்றேன்” என்றேன். தலையை ஆட்டினார்.

முதல் ஷிப்ட்

படம் போனது. பதில் வருவதற்குள் முகத்தைக் கழுவ ஆரம்பித்தோம். சோப்பு போட்டதும் முகம் செக்கச்செவேல் என்று ஆனது. மஞ்சளில் சோப்பு பட்டால் சிவக்கும் என்பது துணி துவைக்கிற எல்லோருக்கும் தெரியும். புருஷன் முகத்தில் பார்த்ததும் சோப்பைப் போட்டுவிட்டு வாளியை இழுத்தேன். நிறையத் தண்ணீர் ஊற்றியதும் சிவப்பு இறங்கி மஞ்சளானது. மஞ்சள் அதற்கு மேல் இறங்கவில்லை. கடலை மாவு போட்டேன், தயிர் போட்டேன். நலங்கு வைத்த மாப்பிள்ளை மாதிரி நின்றார்.

அப்போதுதான் மேடத்தின் செய்தி வந்தது. “இதேதான், தனம். ஒண்ணையும் மாத்தாதீங்க. மாடலை நாங்க கொண்டு வரோம்.” எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது. குதிக்கவும் செய்தேன். அவர் கண்ணாடியில் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதுக்கென்ன. கோயிலுக்குப் போயிட்டு வந்தேம்னு சொல்லிக்கிடுதேன்.”

ஆமா, அப்டியே சொல்லிடுங்க என்றேன் நானும். ஊரில் யாரும் அதற்கு மேல் கேள்வி கேட்க மாட்டார்கள். பூத் பிழைத்துக்கொள்ளும். புத்தியாகப் பார்த்தால் அதுதான் சரி. ஆனாலும் இத்தனை நாள் தையல், இப்போது கோயில் என்று உள்ளே ஒரு மூலையில் குறுகுறுத்தது. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்ட அன்றைக்கு இதைப் போய் நினைப்பானேன் என்று என்னையே அதட்டிக்கொண்டேன்.

திங்கட்கிழமை விடியும் முன்னால் கம்பெனி பஸ் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது. அவர்கள் போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். டீ நேரத்தில் எப்படியும் கூப்பிடுவார் என்று காத்திருந்தேன். கூப்பிடவில்லை. ஒரு பெண்ணுக்குப் புருவம் திருத்த ஆரம்பித்து, கண் போன் பக்கமே போகிறது என்று நானே நிறுத்திவிட்டேன். அவள் பாதிப் புருவத்தோடு பத்திரிகை புரட்டிக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு நேரத்தில்தான் போன் அடித்தது.

பூத் வாசலிலேயே சூப்பர்வைசர் நிறுத்திவிட்டாராம். முகத்தில் என்ன மஞ்சள் என்று கேட்டிருக்கிறார். இவர் பதில் சொல்வதற்குள், ‘கோயிலுக்கு எங்கேயாவது போனாயா?’ என்று அவரே எடுத்தும் கொடுத்திருக்கிறார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது.

“சொல்லத்தான் போனேன், தனம். வாய் வரல. என் வீட்டுக்காரி மேக்கப் ஆர்ட்டிஸ்ட் சார், பத்திரிகைக்காக என் மூஞ்சில போட்டுப் பாத்தா, மஞ்சளும் சுண்ணாம்பும்தான்னேன். தையல்னுதான நீ சொன்னன்னு கேட்டாரு. அது நான் சொன்ன பொய் சார்னுட்டேன்.”

போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

பின்னால் அந்தப் படம் பத்திரிகையில் வந்தது. வேறு ஒரு பெண்ணின் முகம், அதே கோடு, அதே சிவப்பு. கீழே எறும்பளவு எழுத்தில் ‘மேக்கப்: தனலட்சுமி’. ஆசையாகத் தடவிப் பார்த்தேன், அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அந்தச் சந்தோஷம் எல்லாம் நிஜம்தான். ஆனால் பாதிப் புருவத்தோடு ஒருத்தி என்னையே பார்த்துக்கொண்டிருக்க, போனில் அவர் அதைச் சொல்லக் கேட்ட நிமிஷத்துக்கு அது பக்கத்தில்கூட வரவில்லை.

சூப்பர்வைசர் கோபப்படவில்லையாம். ஆடிட் முடியும்வரை பூத் பக்கம் வராதே என்று சொல்லி, காருக்குக் கதவு மாட்டுகிற லைனுக்கு அனுப்பிவிட்டார். மறுபடி பூத்தா இல்லையா என்பதைப் பிறகு பார்க்கலாம் என்றாராம். (பார்த்தார்கள். திரும்பவும் எடுத்துக்கொண்டார்கள். எங்கே குழி விழுந்தாலும் இவர் தலையைத்தான் முதலில் மோந்து பார்க்கிறார்கள், அதுவும் நடக்கிறது.) அன்றைக்கு அது எதுவும் எனக்குத் தெரியாது. என்னால் உங்க பூத்து போச்சே என்று அழுதேன்.

“அழாத. ஒரு வாரம் கதவு மாட்டுதேன், அம்புட்டுத்தான. அங்கன எவனும் மூஞ்சிய மோந்து பாக்க மாட்டான்” என்றார். பின்னால் தட்டு அலம்புகிற சத்தமும் யாரோ சிரிக்கிற சத்தமும் கேட்டது. அவர் குரலைத் தணித்துக்கொண்டார்.

“இந்த வாரம் வேற எதும் போட்டுப் பாக்கணும்னா சொல்லு. மூஞ்சி சும்மாதான் இருக்கு.”

அன்று சாயங்காலம் அவர் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தபோது, பார்லரில் என் பெட்டியை முழுசாகத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.